மாரி காலத்து வன்னி வீட்டில் கதகதப்பும் பாண் போறணையும்

பனி பெய்யும் நாடுகளில் சிறிய கிராம வீட்டுக்குள் கணப்பு எரிய, மேசையில் மா குழைத்துப் பாண் சுடும் காணொளிகளைப் பார்த்துவிட்டு, இலங்கையின் வடக்கே வன்னியிலுள்ள ஒட்டுசுட்டானுக்கு அருகே நீங்கள் புதிதாகக் குடிவந்திருக்கும் இரண்டு அறை வீட்டிலும் மார்கழியை அப்படிக் கழிக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அதனோடு முற்றத்தில் மண் போறணை கட்டலாமா, சுட்ட பாண் இரண்டாம் நாளே பூஞ்சணம் பிடிப்பது ஏன், குழந்தை படுக்கும் அறைக்குள் இரவில் கரிச்சட்டி வைக்கலாமா என்ற மூன்று கேள்விகளும் இருக்கின்றன. நான் விளங்கிக்கொண்ட அளவில் இவை எல்லாவற்றுக்கும் அடியில் கிடப்பது ஒரே கேள்விதான்: சீமெந்துக் கல்லும் தகரமுமாக இருக்கும் ஒரு வீட்டை வன்னியின் மாரியில் எப்படி உலர்வாக வைத்திருப்பது? அது சரிவந்தால் கதகதப்பும் பாணும் தாமாகவே சரிவரும். விறகுப் போறணை வைத்திருந்த குடும்பத்தில் வளர்ந்து, பல வருடங்களாகக் கிராமத்துப் பெண்களுக்கு வெதுப்பல் கற்பித்து வருவதால் மாவைப் பற்றியும் நெருப்பைப் பற்றியும் கொஞ்சம் துணிந்து எழுதுகிறேன். சுவர், கூரை பற்றி நான் சொல்பவை மேசன்மாரிடம் கேட்டும் வீடுகளில் பார்த்தும் அறிந்தவை. கட்டுமுன் உங்கள் ஊர் மேசன் ஒருவரிடம் காட்டிக் கேளுங்கள்.

கடைசிக் கேள்விக்கு முதலில் மறுமொழி சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அது உயிரோடு சம்பந்தப்பட்டது. மூடிய அறைக்குள் கரிச்சட்டி வைக்கக் கூடாது. சிரட்டைக்கரியோ ஊமல்கரியோ விறகுக்கரியோ, எதுவானாலும் தணலாகக் கிடக்கும்போது காபனோரொட்சைட்டு என்னும் வாயுவை விடுகிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. குருதியில் ஒட்சிசன் இருக்க வேண்டிய இடத்தை அது இருநூறு மடங்குக்கும் மேலான பிடிப்போடு பற்றிக்கொள்வதால், உறங்குகிறவர் விழிக்காமலே மயங்கிப்போவார். குழந்தைகளுக்கு அது இன்னும் விரைவாக நேரும். புகை அடங்கிய தணல் தீங்கற்றது என்று பலர் எண்ணுவதே இதிலுள்ள பெரிய ஆபத்து. பிள்ளை பெற்றவளின் கட்டிலருகே நெருப்புச் சட்டி வைத்த வழக்கம் நம்மிடம் இருந்ததே என்று கேட்பீர்கள். இருந்தது, ஆனால் அந்த வீடுகளில் மண்சுவருக்கும் கிடுகுக் கூரைக்கும் இடையே காற்றுப் போய்வரும் இடைவெளி இருந்தது. உங்கள் வீடு யன்னலைச் சாத்தினால் பெட்டி போல அடைபடும் வீடு. காணொளியில் காணும் கணப்புக்கும் சுவருக்குள்ளே புகைபோக்கி உண்டு. எரியும்போது வரும் வாயுவை அது மேலே இழுத்துவிடுகிறது. வருடத்தில் பெரும்பகுதி வெக்கையாக இருக்கும் ஊரில், சில வாரக் கூதலுக்காகப் படுக்கையறைக்குப் புகைபோக்கி கட்டுவது வீண்செலவு என்பது என் எண்ணம்.

இனி வீட்டுக்கு வருவோம். வன்னியில் குளிரே இல்லை என்று சொல்வது சரியன்று. மார்கழி, தை இரவுகளில் வெப்பநிலை 20 பாகை செல்சியஸ் அளவுக்கு இறங்குவதுண்டு. அந்த எண் தாளில் சிறிதாகத் தெரியும். ஆனால் 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் வங்காள விரிகுடாவில் இருந்த நாட்களில், வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகள் கூதலில் விறைத்து இறந்தன. உறைபனியா விழுந்தது? இல்லை. வெட்டவெளியில் நனைந்த உடம்பின்மேல் வாடைக்காற்று விடாமல் அடித்ததுதான். நம் ஊர்க் குளிர் ஈரத்தோடு சேர்ந்து வரும் குளிர் என்பதை அதைவிடத் தெளிவாகக் காட்ட எனக்கு வேறு உதாரணம் தெரியாது.

குளிர் நாட்டு வீட்டு முறைகளை அப்படியே இங்கே செய்து பார்ப்பவர்கள் ஏமாறுவதும் இதனால்தான். பூச்சியப் பாகையிலுள்ள ஒரு கன மீற்றர் காற்று 5 கிராமுக்கும் குறைந்த நீராவியையே தாங்கும். 24 பாகையில் அதே அளவு காற்று ஏறத்தாழ 22 கிராமைத் தாங்கும். வெளியே உறைந்து கிடக்கும் காற்றை உள்ளே இழுத்துச் சூடாக்கினால் அது வறண்ட காற்றாகிவிடும். ஆகவே அவர்கள் கதவை அடைத்து, தடித்த திரை போட்டு, சூட்டைப் பூட்டி வைக்கிறார்கள். நாம் கார்த்திகையில் கதவை அடைத்தால் பூட்டப்படுவது ஈரந்தான். அதனோடு உள்ளே நாலு பேர் மூச்சுவிட்டு, சோறு வடித்து, நனைந்த உடுப்பையும் காயப்போட்டால், விடியற்காலையில் தகரத்தின் அடிப்புறத்தில் வியர்த்து நிற்கும் நீர் சொட்டுச் சொட்டாகப் பாயில் விழும். கூரை ஒழுகுகிறது என்று ஆணித் துளைகளுக்குத் தார் பூசிக்கொண்டிருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பல இடங்களில் ஒழுகியது கூரை அன்று, வீட்டின் சொந்த மூச்சு. தகரத்துக்குக் கீழே ஒரு சாண் இடைவெளி விட்டு, கிடுகோ பனையோலைப் பாயோ கட்டி, அந்த இடைவெளியின் இரு முனைகளையும் காற்றுக்குத் திறந்துவிட்டால் இந்தச் சொட்டு பெரும்பாலும் நின்றுவிடும். இரவில் தகரத்தின் குளிர் நேராக உடம்பின்மேல் இறங்குவதும் குறையும். கிடுகைக் குசினி அடுப்புக்கு மேலே மட்டும் கட்டாதீர்கள்.

மழை விட்டு வெளிச்சம் வரும் நடுப்பகலில், ஒரு மணித்தியாலமேனும் எதிரெதிர் யன்னல்களைத் திறந்து வையுங்கள். பொழுதுபடுவதற்கு முன்னர் சாத்திவிடுங்கள். பகலில் காற்றின் ஈரப்பதன் இறங்கி இரவில் ஏறுவதால், திறக்கும் நேரம் மாறினால் பலனும் தலைகீழாக மாறும். அலுமாரியைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி, செங்கல்லின்மேல் நிறுத்துங்கள். சீமெந்துத் தரையில் வெறும் பாய் போதாது. கீழே உலர்ந்த சாக்கை விரித்து, காலையில் இரண்டையும் எடுத்து நிமிர்த்தி வைக்க வேண்டும், இல்லையேல் ஒரு கிழமைக்குள் பாயின் அடிப்புறம் கறுத்துவிடும். மழைச்சாரல் படும் பக்கத்தில் தாழ்வாரத்தை நீட்ட முடிந்தால் அதைவிட நல்ல செலவு வேறில்லை. விறகை ஒருபோதும் படுக்கையறைச் சுவரோடு அடுக்க வேண்டாம். மாரியில் புடையனும் விரியனும் உலர்ந்த இடம் தேடி வரும், விறகுக்குவியல் அவற்றுக்கு நல்ல மறைவு. பழைய குசினிகளில் அடுப்புக்கு மேலே பரண் கட்டி, விறகையும் விதையையும் புகையில் வைத்த முறை இன்றைக்கும் சிறந்தது. பகலில் குசினி அடுப்பு எரியும்போது வெளிக்கதவைத் திறந்துவிட்டு, வீட்டின் பக்கமுள்ள கதவையும் திறந்துவைத்தால், எரிந்த சூடு வீட்டுக்குள் வந்து உலர்த்தும்; காணொளிக் கணப்புக்கு நம் வீட்டில் உள்ள மாற்று அதுதான்.

மண் போறணை கட்டலாமா என்றால், கட்டலாம், ஆனால் இப்போது வேண்டாம். ஈரமான மண்ணில் கட்டிய போறணை மாரியில் காயாது. காயுமுன் நெருப்பை மூட்டினால் உள்ளே அடைபட்ட நீர் ஆவியாகி வெடிப்பு விழும். ஆனி முதல் ஆவணி வரை சோளகம் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் உலர்ந்த காலமே அதற்கு உரியது. புற்றுமண் நம்மிடம் இருக்கும் மிக நல்ல பொருள், ஏனெனில் கறையான் சலித்து எடுத்த நுண்களி அதில் இருக்கிறது. ஆளில்லாத பழம் புற்றிலிருந்து எடுங்கள். பூ வைத்துக் கும்பிடும் புற்றில் மண்வெட்டி போட ஊரில் யாரும் விடமாட்டார்கள், விடவும் கூடாது. ஒரு பங்கு களிக்கு இரண்டு அல்லது மூன்று பங்கு ஆற்றுமணல் என்பது பொது அளவு. உங்கள் மண்ணுக்குச் சரியான அளவை உருண்டை பிடித்துத்தான் அறிய வேண்டும்: இடுப்பு உயரத்திலிருந்து போட்டால் சிதறவும் கூடாது, அப்பளமாகத் தட்டையாகவும் கூடாது. தரைக்குச் செங்கல் போடுங்கள். ஆற்றில் கிடந்த கற்களைப் போட்டால் உள்ளிருக்கும் நீர் சூடேறி அவை வெடிக்கலாம். ஈரமணலைக் குவித்து அதன்மேல் மண்ணை அப்பி, இறுகியபின் மணலைத் தோண்டி எடுப்பதுதான் வழமை. உள்ளே குறுக்களவு 70 சென்ரிமீற்றர், உயரம் 40 சென்ரிமீற்றர் இருந்தால் வீட்டுக்குப் போதும். வாசலின் உயரம் உள் உயரத்தில் ஏறத்தாழ 63 வீதமாக, அதாவது 25 சென்ரிமீற்றராக இருக்க வேண்டும். அதைவிட உயர்ந்தால் சூடு ஓடிவிடும், தாழ்ந்தால் நெருப்புக்குக் காற்றுப் போதாது. முதல் ஓடு காய்ந்தபின் களியில் உமியை நிறையக் கலந்து மேலே இன்னோர் ஓடு பூசினால், உமி எரிந்துபோன இடங்களில் காற்று நின்று சூட்டைக் காக்கும். மேலே தகரக் கொட்டில் அவசியம். பல நாட்கள் சிறு நெருப்பாக மூட்டி, வெளிப்புறம் தொட்டால் ஈரம் தெரியாத நிலை வந்தபின்னரே பெருநெருப்பு மூட்டலாம்.

அதுவரை இந்த மார்கழிக்குச் சட்டிப் போறணை போதும். அடி தடித்த பெரிய அலுமினியக் கிடாரத்தில் அரித்துக் காயவைத்த மணலை இரண்டு விரல் கனத்துக்குப் பரப்பி, நடுவில் ஒரு வளையமோ மூன்று சிறு கற்களோ வைத்து, அதன்மேல் தட்டை வைத்து, தட்டையான தகரத்தால் மூடி, மூடியின்மேல் தணல் போடுகிறோம். மேலே இரண்டு பங்கு, கீழே ஒரு பங்கு நெருப்பு என்பது நம்பத்தக்க அளவு, ஏனெனில் கீழ்ச்சூடு தட்டில் நேராகத் தாக்கும், மேற்சூடு காற்றைக் கடந்தே வர வேண்டும். எத்தனை நிமிடம் என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள். சிரட்டைக்கரி விரைந்து சூடேறி விரைந்து தணியும், பாலை, வீரை போன்ற கனத்த மரங்களின் கரி நின்று எரியும், ஆகவே நேரம் கரிக்குக் கரி மாறும். இதுவும் வெளிக் கொட்டிலில் செய்ய வேண்டிய வேலை. சிறிய மின் போறணை வாங்கும் எண்ணம் இருந்தால் தவறில்லை; மழைநாளில் மின்சாரம் நின்று கேக் நடுவில் அமர்ந்துபோகும் என்பதை மட்டும் கணக்கில் எடுங்கள்.

மாவைப் பற்றி உறுதியாகச் சொல்லக்கூடியவை பல உள்ளன. அரைக் கிலோ கோதுமை மாவுக்கு 300 மில்லிலீற்றர் நீர், 9 கிராம் உப்பு, 5 கிராம் உலர் ஈஸ்ட், ஒரு மேசைக்கரண்டி சீனி, ஒரு மேசைக்கரண்டி மாஜரீன் அல்லது எண்ணெய் போட்டால், ஒன்றரை றாத்தல் பாணைவிடச் சற்றுக் கூடவே வரும். மாரியில் முதலில் 270 மில்லிலீற்றர் மட்டும் ஊற்றிக் குழைத்து, மிச்சத்தைக் கை கேட்டால் ஊற்றுங்கள். மா காற்றின் ஈரத்தை இழுத்து வைத்திருக்கும் என்பது உண்மை. எவ்வளவு இழுத்திருக்கும் என்பது பொதி எப்போது திறந்தது, எங்கே இருந்தது என்பதைப் பொறுத்தது, எனவே இங்கே அளவுக்கோப்பையைவிடக் கைக்கே பொறுப்பு. குழைத்த மா கையில் இலேசாக ஒட்டி, இழுத்தால் கிழியாமல் மெல்லிய சவ்வாக விரிய வேண்டும். குளிர் நாட்டுக் குறிப்புகளில் மாவைச் சூடான இடத்தில் வையுங்கள் என்று எழுதியிருப்பதைப் பார்த்து அடுப்படியில் வைக்க வேண்டாம். 24 முதல் 27 பாகை வரை ஈஸ்டுக்கு நல்லது, அது நம் மாரிப் பகலில் தானாகவே கிடைக்கும். இரவுக் கூதலை வேறு விதமாகப் பயன்படுத்தலாம்: ஈஸ்டை ஒரு கிராமாகக் குறைத்து, பொழுதுபடக் குழைத்து, மூடிய சட்டியில் குசினி மேசையில் வைத்தால் விடியக்காலை பொங்கியிருக்கும். மெல்ல ஊறிய அந்த மாவுக்கு அவசரமாகப் பொங்கிய மாவில் இல்லாத மணமும் ருசியும் உண்டு. சித்திரை வெக்கையில் இப்படிச் செய்தால் நடுச்சாமத்திலேயே புளித்துவிடும். மார்கழி, தை இரவுகளில்தான் வன்னியில் இது வாய்க்கும்.

பொங்காமல் போவதற்குப் பெரும்பாலும் காரணம் ஈரம் இழுத்துச் செத்த ஈஸ்ட். திறந்த பைக்கற்றைக் காற்றுப் புகாத போத்தலில் இட்டுக் குளிர்சாதனப்பெட்டியில் வையுங்கள். சந்தேகம் வந்தால் இளஞ்சூட்டு நீரில் சிறிது சீனியோடு கரைத்துப் பாருங்கள்; பத்து நிமிடத்தில் நுரைக்காத ஈஸ்டை நம்பி மாவை வீணாக்க வேண்டாம். கை பொறுக்காத சூட்டு நீரும் ஈஸ்டைக் கொல்லும். ஈஸ்டுக்குப் பதில் கள்ளு ஊற்றலாமா என்று சிலர் கேட்பார்கள். அப்பத்துக்கு ஊற்றுவதுதானே, கள்ளில் இருப்பதும் பாண் ஈஸ்டின் அதே இனந்தான். மார்கழியில் தென்னங்கள்ளுத்தான் கிடைக்கும், அதன் வேகமோ நாளுக்கு நாள், மரத்துக்கு மரம் மாறும். பணிஸ் சுட்டு விளையாடிப் பார்க்கலாம், வீட்டுக்கு அன்றாடப் பாணுக்கு அதை நான் சொல்லமாட்டேன்.

பூஞ்சணத்துக்கு வருகிறேன். பாண் வெந்து வெளியே வரும்போது அதில் பூஞ்சணத்தின் வித்து உயிரோடு இல்லை. ஆறும்போதும் வெட்டும்போதும் காற்றிலிருந்தும் கத்தியிலிருந்தும் பலகையிலிருந்தும் அது வந்து சேர்கிறது. ஈரக்காற்று அதற்குத் தீனி. சூடு இருக்கும்போதே பொலித்தீன் பையில் கட்டினால் உள்ளே நீர் வியர்த்து, மறுநாளே பச்சையாகப் படரும். கம்பித் தட்டில் இரண்டு மணித்தியாலமேனும் முழுவதும் ஆறவிட்டு, பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். குளிர்சாதனப்பெட்டியில் வைத்தால் பூஞ்சணம் பிந்தும், ஆனால் பாண் வெளியே இருப்பதைவிட விரைவாக விறைத்துக் காய்ந்ததுபோல் ஆகிவிடும். உறையவைக்கும் தட்டில் வெட்டி வைத்து, வேண்டியபோது வாட்டி எடுப்பது மேல். இதனோடு மயக்கிக்கொள்ளக் கூடாத இன்னொரு பழுது உண்டு. வெளியே ஒன்றும் தெரியாது. உள்ளே நடுப்பகுதி பிசுபிசுத்து, பிய்த்தால் நூல் நூலாக இழுபட்டு, கனிந்து அழுகும் அன்னாசி போல மணக்கும். அது மாவோடு வரும் ஒருவகைப் பற்றீரியாவின் வேலை. அதன் வித்து போறணைச் சூட்டுக்கும் சாகாது, வெக்கையும் ஈரமும் சேர்ந்த காலத்தில் எழும்பும். அந்தப் பாணை வாட்டிச் சாப்பிட எண்ணாமல் எறிந்துவிட்டு, பலகை, சட்டி, தட்டு எல்லாவற்றையும் வினாகிரியால் துடையுங்கள். அடுத்த சில தடவை அரைக் கிலோ மாவுக்கு இரண்டு தேக்கரண்டி வினாகிரி சேர்த்துக் குழையுங்கள். புளிப்பு நாக்குக்குத் தெரியாது, பற்றீரியாவுக்குத் தெரியும்.

போறணை கட்டியபின் ஒரே நெருப்பில் எவ்வளவு வேலை நடக்கும் என்பதுதான் அதன் உண்மையான இலாபம். தணலை வாரி எடுத்து, ஈரச் சாக்கைத் தடியில் கட்டித் தரையைத் துடைத்ததும், ஒரு சிட்டிகை மாவைத் தரையில் எறிந்து பாருங்கள். உடனே கறுத்தால் சூடு கூட. அரை நிமிடத்தில் பொன்னிறமானால் பாண் வைக்கலாம், அது சுமார் 220 பாகைக்கு மேல். பாண் வெந்து, கீழே தட்டினால் வெற்றுப் பெட்டியைத் தட்டும் ஓசை வரும்போது எடுத்துவிட்டு, சூடு 170 அளவுக்கு இறங்க பட்டர் கேக்கும், 150க்கு இறங்க ரிச் கேக்கும் வைக்கலாம். அதன்பின் இராத்திரி முழுக்க மிஞ்சும் சூட்டில் மல்லி, மிளகாய், அடுத்த நெருப்புக்கான விறகு எல்லாம் காயும். மாரியில் வெயிலில் காயப்போட்டு மழைக்கு ஓடி ஓடி அள்ளும் வேலை அதனால் மிச்சம்.

கேக்குக்கும் பாணுக்கும் வன்னிப் பொருட்களைச் சேர்க்க விரும்பினால், எள்ளும் கச்சானும் தயங்காமல் சேர்க்கலாம். குரக்கன் மாவில் இழுபடும் பசை இல்லாததால் கோதுமை மாவில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் மாற்றாதீர்கள், பாண் செங்கல்லாகிவிடும். சீனியில் ஒரு பகுதிக்குக் காட்டுத்தேன் சேர்த்தால் கேக் பல நாள் ஈரப்பசையோடு இருக்கும், ஆனால் மேற்புறம் விரைந்து கறுக்கும். சூட்டைப் பதினைந்து பாகை குறைத்து, மேலே எண்ணெய்த்தாள் ஒன்றை மூடுங்கள். பனங்கட்டி போடுவதானால் கரைத்து வடித்து, அந்த நீரை மற்ற நீரிலிருந்து கழித்துக்கொள்ளுங்கள். நத்தாருக்கு ரிச் கேக் செய்யும் எண்ணம் இருந்தால் முந்திரிகை வற்றலை இந்தக் கிழமையே ஊறப்போட வேண்டும். போறணைக்கான உமியை, மாரி மழையில் விளையும் காலபோக நெல் அறுவடை முடிந்து ஆலைகள் ஓடத் தொடங்கும் மாசி, பங்குனியில் இரண்டு சாக்குச் சொல்லி வையுங்கள். பெரும்பாலும் காசு கேட்கமாட்டார்கள், சாக்கு மட்டும் நீங்கள் கொண்டுபோக வேண்டும்.